5 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் எடை மெஷின்: 6 மாதம் கழித்து

தாயில்லாத பூனைக்குட்டிகளை எடுத்து வளர்க்கிறேன். மணி என்ற வயதான நாயும் கூட இருக்கிறான். யாருக்காவது மருந்து கொடுக்காமல் ஒரு நாள்கூடப் போகாது. அதற்காகவே, கைக்குழந்தைகளை நிறுக்கும் டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று வாங்கினேன். 20 கிலோ வரை தாங்கும். 5 கிராம் வித்தியாசம்கூடத் தெரியும்.

முன்பு குட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் நிற்கும் மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துக்கொள்வேன். அது 100 கிராம் கணக்கில்தான் காட்டும். ஒரே குட்டி ஒரு தடவை 500 கிராம், மறு தடவை 800 கிராம். எனக்கு 300 கிராம் ஒரு பொருட்டில்லை. அந்தக் குட்டிக்கு அது கிட்டத்தட்டப் பாதி உடம்பு. புதிய மெஷினில் வைத்தேன், 640 கிராம். சிரிஞ்சில் 0.1 மி.லி. கூடுமா குறையுமா என்று கை நடுங்கிய எனக்கு அன்றுதான் மூச்சு வந்தது.

குட்டி துள்ளினாலும் எண் ஓரிரு நொடியில் நிலைத்துவிடும். தட்டு வழுக்கும்; ஒரு துண்டை விரித்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நிறுத்தால் சரியாகிவிடும்.

பெரிய குறை ஒன்று உண்டு. கிலோவையும் பவுண்டையும் மாற்றும் பொத்தானைத் தட்டின் ஓரத்திலேயே வைத்திருக்கிறார்கள். கால் பட்டால் மாறிவிடும். ஒருநாள் மணியை வைத்தபோது 21.6 என்று காட்டியது. அவன் 9.8 கிலோ என்று எனக்குத் தெரியும், அதனால் பிடித்துவிட்டேன். அன்றுதான் வந்த குட்டியாக இருந்திருந்தால்? 640 கிராம் குட்டிக்கு 1.41 என்று காட்டியிருக்கும். நானும் நம்பி இரண்டு மடங்குக்கு மேல் மருந்தை ஊற்றியிருப்பேன். உயிர்களை நிறுக்கும் கருவியில் இப்படி ஒரு பொத்தான் இருக்கவே கூடாது. நான் அதன்மேல் அட்டை வைத்து டேப் ஒட்டிவிட்டேன்.

அப்புறம், இந்த மெஷினை வாங்கும் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எடை துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்பதற்காக, ஒரு உயிரின் மருந்தளவைக் கிலோவால் பெருக்கி இன்னொரு உயிருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்கும் மணிக்கும் ஒரே தைராய்டு மருந்துதான். 60 கிலோ அம்மாவுக்குக் காலையில் 100 மைக்ரோகிராம். 10 கிலோகூட இல்லாத மணிக்கு 200, அதுவும் இரண்டு வேளை! முதல் நாள் சீட்டைப் பார்த்துப் பதறி, கால்நடை மருத்துவரைத் திரும்பக் கூப்பிட்டேன். சரிதான் என்றார். நாயின் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும். உடம்பும் சீக்கிரம் வெளியேற்றிவிடும். மனித உடம்பில் அந்த மருந்து பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும், நாயிடம் ஒரு நாள்கூட ஆகாது.

பொதுவாகவே சின்ன உடம்பு கிலோவுக்குக் கிலோ வேகமாக எரிக்கும். மேக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932-இல் காட்டிய கணக்குப்படி, எடை 10 மடங்கானால் ஓய்வில் செலவாகும் ஆற்றல் சுமார் 5.6 மடங்குதான் ஆகும். பல மருந்துகளை உடம்பு வெளியேற்றும் வேகமும் ஏறக்குறைய இதையொட்டியே போகிறது. சுண்டெலி தாங்கிய மருந்தளவை, கிலோவுக்கு இத்தனை என்று, மனிதருக்கு மாற்றும்போது முதலில் சுமார் 12-ஆல் வகுப்பது அதனால்தான். 1962-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர விலங்குக்காட்சிசாலையில் டஸ்கோ என்ற யானைக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. என்று நேராகப் பெருக்கி 297 மி.கி. எல்எஸ்டி என்ற போதை மருந்தைப் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் செத்துப்போனது. அதை மயக்குவதற்காகப் பின்னால் கொடுத்த மருந்துகளும் காரணமாக இருக்கலாம் என்பார்கள். ஆனாலும் அந்தப் பெருக்கல் பெருந்தவறு.

உடம்பின் அளவு மட்டும் விஷயமும் இல்லை. என் தோழி ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி.தானே, பூனைக்கும் அப்படியே நிறுத்துக் கொடுத்தால் என்னடி?" கூடவே கூடாது. அந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். அவள் கையில் மாத்திரையைப் பாதியாக உடைத்து வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தாள். கீழே போடச் சொல்லி, குட்டியை நேராக மருத்துவரிடம் தூக்கிப்போக வைத்தேன். மெஷினையும் கொடுத்தனுப்பினேன், டேப்பைப் பிரிக்காதே என்று சொல்லி.