மரத்துப்போற மருந்து: பென்சோகைனா, லிடோகைனா, பூசும் கிரீமா?

ரங்கூன் தாம்வேயில் அண்ணனின் மருந்துக்கடையில் 14 வருடமாக உட்கார்கிறேன். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் வெந்தவர்கள், கடைவாய்ப் பல் குடைந்து ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள், காதுகுத்து வைத்திருக்கும் வீட்டார் என்று பலரும் கேட்பது ஒன்றுதான்: "மரத்துப்போற மருந்து ஒண்ணு குடு, தங்கச்சி." அப்படி எல்லாவற்றுக்குமாக ஒரு மருந்து கிடையாது. எங்கே தடவப் போகிறீர்கள், யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வரும். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் நான் டியூபை எடுத்துக் கொடுப்பதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தாய்லாந்திலிருந்து வரும் டியூபில் லிடோகைன் என்று இருக்கும். இந்தியாவிலிருந்து வருவதில் லிக்னோகைன் என்று இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. வேறு வேறு என்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அளவை இரட்டிப்பாக்குவதுதான். பென்சோகைன்தான் நிஜமாகவே வேறு சாதி.

வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே. நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைத்துவிடும், வலிச் செய்தி மூளைக்குப் போகாது. வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். பென்சோகைன் 1890-ல் ஜெர்மனியில் செய்யப்பட்டது. தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் ஊசியாகப் போட முடியாமல் மேலே தடவுவதோடு நின்றுவிட்டது. ஈறில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் மரக்கும், கால் மணி நேரம் போல நிற்கும். லிடோகைன் 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. மரக்க 2 முதல் 5 நிமிடம் ஆகும், ஆனால் பென்சோகைனைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். ஒவ்வாமையும் இதில் அபூர்வம். பென்சோகைன் உடம்பில் உடையும்போது வரும் பொருள் சிலருக்கு அரிப்பு, தடிப்பு கிளப்பும். பென்சோகைன் ஜெல்லில் 20 சதவீதம், வாய்க்கான லிடோகைன் ஜெல்லில் 2 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து முதலாவது பத்து மடங்கு பலம் என்று எண்ணாதீர்கள். வேறு வேறு மருந்தின் சதவீதத்தை ஒப்பிடவே கூடாது.

வாய்க்கு எது என்றால், பெரியவர்களுக்கு நான் லிடோகைன் பக்கம். காரணம் ரத்தம்.

பென்சோகைன், அளவு மீறாதபோதுகூடச் சிலருக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடும். அது ஆக்சிஜனைச் சுமக்காது. உதடும் நகமும் சாம்பல் நீலமாகும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். 2021 கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி இருக்கிறது. இந்த நிலையில் அதை நம்ப முடியாது. நிலைமை எவ்வளவு மோசமானாலும் அது காட்டும் அளவு 85 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

இது நம் ஊரில் இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறப்பது மலேரியா உலவும் நாடுகளில் அதிகம், பர்மாவிலும் பலருக்கு உண்டு, ஆண்களுக்குக் கூடுதலாக. மலேரியாவுக்குப் பிரைமாக்குவின் எழுதும் முன் டாக்டர் இதைக் கேட்பார். இந்தக் குறை உள்ளவர்களுக்கு மெத்தீமோகுளோபின் வரும் ஆபத்து கூடுதல். அதைவிடச் சிக்கல், அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் முறிவு மருந்தான மெத்திலீன் ப்ளூ இவர்களுக்கு ரத்த அணுக்களையே உடைத்துவிடலாம். அதனால் வீட்டில் யாருக்காவது பிரைமாக்குவினோ சல்பா மாத்திரையோ சாப்பிட்டுச் சிறுநீர் கறுத்துப்போன கதை இருந்தால் பென்சோகைனைத் தொடவே வேண்டாம்.

லிடோகைன் மட்டும் அப்பாவியா? இல்லை. அளவு மீறி விழுங்கினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். கல்லீரல் கெட்டவர்களுக்கு மருந்து சீக்கிரம் வெளியேறாது. வாய் மரத்திருக்கும் ஒரு மணி நேரம் சாப்பிடாதீர்கள். புரையேறும், கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது.

பல் முளைக்கும் குழந்தைக்கு? இரண்டுமே வேண்டாம். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் லிடோகைன் திரவத்தையும், 2018-ல் 2 வயதுக்குள் பென்சோகைனையும் பல் முளைக்கும் ஈறில் தடவக் கூடாது என்று எச்சரித்தது. எச்சிலோடு சில நிமிடத்தில் கழுவிப் போகிற மருந்தை அம்மா திரும்பத் திரும்ப வைப்பாள், ஆபத்து அங்கேதான். சுத்தமான துணியை ஈரமாக்கிக் குளிர வைத்து மெல்லக் கொடுங்கள், விரலால் ஈறைத் தடவிவிடுங்கள். கிராம்புத் தைலமும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது. பெரியவர்கள் சொத்தைப் பல்லில் பஞ்சில் ஒரு சொட்டு வைக்கலாம், ஈறில் பட்டால் வெந்துவிடும்.

தோலுக்கு இந்த ஜெல்கள் போதாது. அதற்கு லிடோகைனும் பிரிலோகைனும் 2.5 சதவீதம் வீதம் கலந்த எம்லா வகைக் கிரீம். தனித்தனியே கெட்டிப் பொருளாக இருப்பவை, சேர்ந்ததும் எண்ணெய்போல இளகிவிடும். அதனால்தான் காயமில்லாத தோலையும் கடந்து இறங்குகிறது. கனமாக வைத்து, பிளாஸ்டிக் ஒட்டுப் போட்டு மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அப்போது சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் மரக்கும். தோல் வெளுப்பது சகஜம். புண்ணில் தடவக் கூடாது, காதுக்கு உள்ளே போகக் கூடாது. பிரிலோகைனுக்கும் அந்த மெத்தீமோகுளோபின் குணம் உண்டு, ஆகவே ஜி6பிடி கேள்வி இங்கேயும் வரும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மொத்தமே 1 கிராம்தான், டாக்டரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம்.

போன தையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. வயது 3. டாக்டரிடம் கேட்டுவிட்டு, கோயிலுக்குக் கிளம்பும் முன்னாலேயே இரண்டு மடலிலும் அந்தக் கிரீமை வைத்து ஒட்டுப் போட்டேன். வழியெல்லாம் அத்தை தோளில் முகம் புதைத்துத் தூங்கினாள். மாமா மடியில் உட்கார்ந்தவள், வலது காதில் பத்தர் கம்பியைச் செருகியபோது அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காதுக்கு வீல் என்று அலறினாள். திரும்பிப் பார்த்தால் அந்த ஒட்டு, கிரீமோடு சேர்ந்து, அத்தையின் பட்டுப்புடவைத் தோளில் ஒட்டியிருந்தது.