திருவையாறா, நாகூரா?

ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் எங்கே போவது? திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைக்கா, நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கா?

தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் திருவையாற்றுக் காவிரிக் கரையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அவர் இயற்றிய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளும் ஒரே குரலாக எழும். பெரிய வித்துவான்களோடு கேட்க வந்தவர்களும் சேர்ந்து பாடுவார்கள். எனக்குக் கண் கலங்கும் இடம் அது. தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாவை வணங்காமல் நான் திரும்புவதில்லை.

நாகூர்க் கந்தூரி 14 நாள். நாகப்பட்டினத்திலிருந்து சந்தனம் ஏந்திய அலங்காரத் தேரான சந்தனக்கூடு வரும் இரவில் கடலோர ஊரே விழித்திருக்கும். தாயிரா என்ற கைப்பறையைத் தட்டிப் பாடும் பக்கிரிகள், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிய 131 அடி மனோரா (தர்காவின் பெரிய கோபுரம்), எல்லா மதத்துக் குடும்பங்களும். பிறைக்கணக்கு என்பதால் தேதி ஆண்டுதோறும் நகரும்.

பாட்டில் ஊறியவருக்குத் திருவையாறு. குழந்தைகளோடு என்றால் நாகூர்தான். சந்தனக்கூடு இரவின் நெரிசலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.