மண்டபம் பார்க்க இரவில் போகாதீர்கள்

தங்கை கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஆல்பம் போன வாரம்தான் வந்தது. அம்மா நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்துவிட்டார். திருச்சிப் பக்கம் மண்டபம் தேடுகிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் பார்க்கப் போனது இரவு 7 மணிக்கு. அங்கே ஒரு ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, மேலே ஊதாவும் ரோஸுமாக விளக்குகள். கண்ணுக்கு ஜோராகத்தான் இருந்தது. "காலைல முகூர்த்தத்துக்கு வெளிச்சம் எப்படி சார்?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஜன்னல் சார், லைட்டே வேணாம்" என்றார் மேனேஜர். 50,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம். ஜன்னல் இருந்தது உண்மைதான். ஏசி குளிர் வெளியேறாமலிருக்க அத்தனையையும் பிளைவுட்டால் அடைத்து, மேலே துணி கட்டி மறைத்திருந்தார்கள். அது தெரிந்தது கல்யாணத்தன்று விடிகாலையில்.

முகூர்த்தம் 6 முதல் 7.30. போட்டோகிராபர் அண்ணன் நாலரைக்கே வந்துவிட்டார். மேடையில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மேல எரியற அந்த ஊதா, ரோஸ் பார் லைட்டை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. சாதா வெள்ளை லைட் போதும்." மேனேஜரைக் கேட்டால், மேடை விளக்கு டெக்கரேஷன் கான்ட்ராக்டர் பொறுப்பாம். (வெளியாளை விடமாட்டோம் என்று அவர்களே எங்கள் தலையில் கட்டிய கான்ட்ராக்டர்.) அவருடைய ஆள் ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியோடு போயிருந்தார். போனும் எடுக்கவில்லை.

தாலி கட்டும் படத்தைச் சொல்கிறேன். மஞ்சள் கயிறு சிவப்பாக இருக்கிறது. அரக்குக் கூறைப்புடவையில் சரிகையே தெரியவில்லை, ஒரே சிவப்புக் குழம்பு. தங்கையின் கன்னம் ஊதா. அந்த விளக்கில் எரிந்தது சிவப்பும் நீலமும் மட்டும்தானாம்; மஞ்சள் மஞ்சளாகத் தெரியப் பச்சையும் வேண்டுமாம்; வெளிச்சத்திலேயே இல்லாத பச்சையைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர முடியாது என்றார் அண்ணன். ஃபிளாஷ் அடித்ததில் முகம் கொஞ்சம் தேறியது, ஆனால் ஓமப் புகை வெள்ளைத் திரை மாதிரி நடுவில் நின்றுவிட்டது. பின்னால் எல்இடி திரை முழுக்கக் கறுப்புக் கோடுகள். அது அணைந்து அணைந்து எரிவது நம் கண்ணுக்குத் தெரியாது, கேமரா பிடித்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/50 நொடிக்கு இறக்கினால் கோடு மங்கும். ஆனால் மூன்று முடிச்சு போடுகிற கை கலங்கிவிடும்.

கணக்கு முடிக்கப் போனபோது 'மேடை லைட்டிங்' என்று தனியாக 18,000 போட்டிருந்தார்கள். படங்களைக் காட்டினேன். "போட்டோகிராபர் சரியில்ல சார்" என்றார் மேனேஜர். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் முகூர்த்த நேரத்திலேயே ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஜன்னல் துணியை விலக்கிப் பாருங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை மேடை வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள். தக்காளி மாதிரி வந்தால் வேறு மண்டபம் பார்த்துக்கொள்ளலாம். மேடை ஸ்விட்ச் யார் கையில் இருக்கும், கேட்டால் அணைப்பார்களா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை வேலைக்காகாது.

எங்கள் ஆல்பத்தில் உருப்படியாக வந்தவை பந்தியில் எடுத்தவைதான். அங்கே வெறும் டியூப்லைட், திறந்த ஜன்னல். இலையில் ஓடுகிற பாயசத்தை அப்பா கையால் அணைகட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் தங்கை வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.