பேச்சா, நடையா, இரண்டும் சேர்த்தா? சைக்கோசிஸ் உள்ளவருக்கு எது நிலைக்கும்

சைக்கோசிஸ் என்றால் இல்லாத குரல்கள் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்ற நிலை. மாத்திரை ஒரு வழியாகப் பிடித்துவிட்டது, குரல்கள் அடங்கியிருக்கின்றன, ஆனால் ஆள் இன்னும் பழைய ஆளாக இல்லை. இந்தக் கட்டத்தில் வீட்டுக்காரர்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது: பேச்சு சிகிச்சை மட்டும், உடற்பயிற்சி மட்டும், அல்லது இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து. என் தம்பிக்கு நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நடுநிலை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேளுங்கள். அவரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருப்பார், அது வேறு விஷயம்.

மாத்திரையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கீழே வருகிற எதுவும் அதற்குப் பதில் அல்ல. "தினமும் ஓடச் சொல், மாத்திரையெல்லாம் எதற்கு" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருக்கிறார், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

முதலில் பேச்சு சிகிச்சை. சைக்கோசிஸுக்கென்றே வகுத்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றப் பழக்குகிற பேச்சு சிகிச்சை) என்று ஒன்று இருக்கிறது, அது ஆறுதல் சொல்கிற கவுன்சலிங் இல்லை. "உன்னை யாரும் பார்க்கவில்லை" என்று தெரபிஸ்ட் வாதாட மாட்டார். அந்த நம்பிக்கையை எவ்வளவு உறுதியாக நம்புகிறாய், அது சரியா என்று எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று கூடவே உட்கார்ந்து யோசிப்பார். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கிற நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவருக்குக் குறைந்தது 16 அமர்வுகள் கொடுக்கச் சொல்கிறது, குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சையையும் தனியாகப் பரிந்துரைக்கிறது. பலன்? இருக்கிறது, ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதே 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது) பலன் சிறியது என்றுதான் சொன்னது, அதன் மேல் இன்றும் சண்டை நடக்கிறது. எங்களுக்குத் தடங்கலாக இருந்தது வேறொன்று. அறைக்குள் நன்றாகப் பேசுவான், வீட்டுக்கு வந்ததும் தெரபியின் வீட்டுப்பாட நோட்டு காலியாகவே கிடக்கும். சோதித்துப் பார்க்க வெளியே போக வேண்டும், வெளியே போக மனம் வராது. இந்த மந்தம் சோம்பேறித்தனம் இல்லை, நோயின் ஒரு பகுதி. பேச்சு மட்டும் அதை அசைப்பது ரொம்பக் கடினம்.

அடுத்து உடற்பயிற்சி. ஒலான்சபைன், குளோசபைன் போன்ற சைக்கோசிஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் எடை ஏறுவதை யாரும் விளக்கத் தேவையில்லை, பேண்ட் சைஸே சொல்லிவிடும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா, சைக்கோசிஸ் வருகிற முக்கிய நோய்களில் ஒன்று) உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 15 ஆண்டு முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்றும், அதில் பெரும்பங்கு இதயம், சர்க்கரை போன்ற உடல் நோய்கள் என்றும் படித்தபோதுதான் எங்கள் வீட்டில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று புரிந்தது. சிட்னியின் பாண்டை பகுதியில் முதல்முறை சைக்கோசிஸ் வந்த இளைஞர்களுக்கு, மாத்திரை தொடங்கிய கையோடு 12 வாரம் உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சராசரியாக 1.8 கிலோ ஏறியது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7.8 கிலோ. எடை மட்டும் இல்லை. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், வாரத்துக்கு 90 நிமிடம் போல ஓரளவு மூச்சு வாங்கச் செய்கிற பயிற்சி நோயின் அறிகுறிகளையே குறைத்தது. மூளையில் ஞாபகத்தோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி 12 சதவீதம் வளர்ந்தது என்று 2010-இல் வந்த ஆய்வை வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புவார்கள். அது ஒரு கையளவு ஆட்களை வைத்துச் செய்தது, பின்னால் நெதர்லாந்தில் செய்த ஆய்வில் அப்படி வளரக் காணோம். அதை நம்பி ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம்.

யோகாவா என்று கேட்பீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் செய்து 2007-இல் வெளியான ஆய்வு யோகாவையும் சாதாரண உடற்பயிற்சியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது, யோகா செய்தவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. தம்பிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பயம் வருகிறது, அதனால் எங்களுக்குச் சரிப்படவில்லை. உங்கள் வீட்டில் சரிப்பட்டால் தாராளமாக அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த யோகா ஆய்வில் என் கண்ணில் பட்டது வேறொரு எண். சேர்ந்தவர்கள் 61 பேர். நான்கு மாத முடிவில் மிஞ்சியவர்கள் 41 பேர். மனச்சிதைவு உள்ளவர்களுக்கான உடற்பயிற்சி ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் நாலில் ஒருவருக்கு மேல் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதுவும் ஆள் வைத்து, நாள் குறித்து, போன் போட்டுக் கூப்பிட்டு நடத்தின இடங்களில். அப்படியென்றால் வீட்டில் தனியாகச் செய்யச் சொன்னால் என்ன ஆகும்? எனக்கு எந்த வழியில் பலன் அதிகம் என்பது இரண்டாம் கேள்வி. நான்காம் மாதத்திலும் எது நடந்துகொண்டிருக்கும் என்பதுதான் முதல் கேள்வி, மூன்று வழியையும் நான் இந்த ஒன்றை வைத்துத்தான் எடைபோட்டேன். ஷூ வாங்குவது, ஜிம்மில் ஒரு வருடத்துக்குக் கட்டுவது, கையில் வாட்ச் மாட்டிவிடுவது எல்லாம் முதல் வாரத்துக்கு நன்றாக இருக்கும் (வாட்ச் வேண்டவே வேண்டாம் என்பேன், தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று பயப்படுகிறவர் கையில் அடிகளை எண்ணி எங்கோ அனுப்புகிற சாதனத்தைக் கட்டுவது என்ன யோசனை). அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ராத்திரி மாத்திரையின் மயக்கம் காலை ஒன்பது மணி வரை இருக்கும், ஆனால் நம் ஊரில் வாக்கிங் என்றால் ஆறு மணிக்கே என்று ஒரு சட்டம். ஜிம்மில் நாலு சுவரும் கண்ணாடி, காதைப் பிளக்கிற பாட்டு, தெரியாதவர்கள் முறைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு உணர்வு. ஒரு நாள் விட்டால் இரண்டு நாள் விடும், இரண்டு நாள் ஒரு மாதமாகும், யாரும் கேட்க மாட்டார்கள். கூட ஒரு ஆள், அதிலும் இந்தத் தொழில் தெரிந்த ஆள் இருந்தால் விட்டுப்போவது குறைகிறது என்று அதே 2016 தொகுப்பு சொல்கிறது. ஞாபகசக்தி, கவனம் போன்றவற்றைப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும், பயிற்சி தெரிந்தவர் மேற்பார்வையில் செய்தவர்களுக்கே பலன் கூடுதல். ஆக நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியது கருவியை இல்லை, ஆளை.

இங்கேதான் மூன்றாவது வழி ஜெயிக்கிறது. கோத்துச் செய்வது என்றால் செவ்வாய்க்கிழமை தெரபிஸ்ட், வியாழக்கிழமை ஜிம் என்று இரண்டு தனி வண்டி ஓட்டுவது இல்லை. நடையே தெரபியின் வீட்டுப்பாடம் ஆகிவிட வேண்டும். தம்பிக்குப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற எண்ணம். தெரபிஸ்ட் அறையில் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்டு அவன் சொன்ன எண்ணைப் பக்கத்தில் போட்டார். சாயங்காலம் பயிற்சியாளரோடு ஒரு ரவுண்டு தலையைக் குனிந்தபடி வழக்கம்போல, அடுத்த ரவுண்டு தலை நிமிர்ந்து, பெஞ்சில் இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபடி. ஒருவர் போனில், இரண்டு பாட்டிகள் கறிவேப்பிலை விலையைப் பற்றி, ஒரு பையன் தூக்கத்தில். "அண்ணா, அந்தச் சிவப்புச் சட்டை மட்டும் பார்த்தாருண்ணா" என்றான், அவரும் "ஆமாப்பா, பார்த்தார், நம்ம ரெண்டு பேரையும் பார்த்தார், இன்னொரு ரவுண்டு போலாம் வா" என்று முடித்துவிட்டார். சீட்டில் எண் கொஞ்சம் இறங்கியது. பூஜ்யத்துக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். அறைக்குள் மாதக்கணக்கில் பேசியும் நகராத ஒன்று நகர்ந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு லாபம் நான் எதிர்பாராதது. வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பயம் வரும்போதும் அச்சு அசல் இதேதான். படபடப்பு வந்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று முடிவுகட்டுகிறவருக்கு, அது மாடிப்படி ஏறினாலும் வரும், இரண்டு நிமிடத்தில் அடங்கும் என்று உடம்பே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நாளே பயந்து ஓடிவந்துவிடுவார். தனி ஜிம்மில் இதை யார் சொல்வார்கள்?

செலவு இரட்டிப்பாகும் என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. தெரபி அமர்வுகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுத்துச் சமாளித்தோம். சென்னையில் இருப்பவர்கள் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக இயங்குகிற அண்ணாநகர் ஸ்கார்ஃப் போன்ற இடத்தில் பகல்நேர மறுவாழ்வு ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரிக்கலாம், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய நிறுவனம் அது. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டுமே. எல்லாம் ஒரே முடிச்சில் இருப்பதால், தெரபிஸ்டோடு ஒரு மனக்கசப்பு வந்தால் நடையும் சேர்ந்தே நிற்கும். தனித்தனியாக இருந்தால் ஒன்றாவது மிஞ்சும். தெரபிஸ்டும் பயிற்சியாளரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாவிட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பயிற்சியும் உரையாடலும் சேர்த்த முறைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், தனித்தனியாக இருக்கிற அளவுக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் குழு முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்குப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தது கணினியில் செய்கிற மூளைப் பயிற்சியை, சிபிடியை அல்ல. டென்மார்க்கில் 428 பேருக்கு ஒரு வருடம் வாழ்க்கைமுறைப் பயிற்சியாளர் வைத்துப் பார்த்தும் இதய நோய் அபாயம் குறையவில்லை. ஆள் இருந்தால் போதும் என்று நான் சொன்னதற்கு இது நேர் எதிர்ச் சான்று, மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் குழுவாக உடற்பயிற்சி செய்யவைத்த ஆய்வில் 18 மாதத்தில் மற்றவர்களைவிட 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்தது, நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தொடங்கும் முன் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஈசிஜி எடுக்க வேண்டுமா (குளோசபைன் என்றால் கட்டாயம் கேளுங்கள்), எழுந்தவுடன் தலைசுற்றினால் என்ன செய்வது, இந்த மாத்திரையோடு வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே கால் ஓயாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தால், அதை "பரவாயில்லை, தானாகவே நடக்கிறான்" என்று விட்டுவிடாதீர்கள், அது மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

நோய் கொதித்துக்கொண்டிருக்கும் நாட்களில் இது எதையும் நாங்கள் முயலவில்லை, அதனால் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பெண்களுக்கு இது எப்படிப் போகும் என்பதிலும் என் அனுபவம் மெலிசு. தம்பி தலை நிமிர்ந்து நடந்து, அநேகமாக யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று கண்டுகொள்ள முடிந்தது. தெருவில் ஒரு பெண்ணை உண்மையிலேயே நாலு பேர் பார்ப்பார்கள், பின்னாலும் வருவார்கள். அங்கே அந்தச் சோதனை அப்படியே செல்லாது, பெண்கள் மட்டும் இருக்கிற குழுவோ மொட்டை மாடியோ வேறு ஏதோ ஒன்றோ தேவைப்படும், அதைத் தெரபிஸ்டோடு முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.