வானத்தைப் படமெடுக்க: டிராக்கரா, ஸ்மார்ட் தொலைநோக்கியா, பெரிய தொலைநோக்கியா?

வானப் புகைப்படத்தில் இறங்குபவர் முன் மூன்று வழிகள் உண்டு: கையிலுள்ள கேமராவை வானத்தின் நகர்வோடு திருப்பும் டிராக்கர் என்ற கருவி, எல்லாம் உள்ளடங்கிய ஸ்மார்ட் தொலைநோக்கி, அல்லது நேராகப் பெரிய தொலைநோக்கி. மூன்றாவதுதான் அதிகம் ஆசை காட்டும். புதியவரைச் சீக்கிரம் சோர்ந்துபோகச் செய்வதும் அதுவே.

பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. முக்காலியில் நிற்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) ஒரு கைக்கணக்கு இருக்கிறது: 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் விநாடி வரம்பு. 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 20 விநாடி, 200 மி.மீ. லென்ஸுக்கு வெறும் இரண்டரை. மீறினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். டிராக்கர் வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்புவதால், அதே 200 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்கலாம். முழுநிலவைப் போல ஆறு மடங்கு நீண்டு கிடக்கும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் அதில் தாராளமாக அடங்கும்.

சிரமம், டிராக்கரின் அச்சை வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோலத் தோன்றும் மையப்புள்ளியை, நோக்கி வைப்பதில்தான். துருவ நட்சத்திரம் துல்லியமாகத் துருவத்தில் இல்லை. முழுநிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாகவே விலகி நிற்கிறது. முதல் சில இரவுகள் இதிலேயே கழியும், கழியட்டும். அச்சை வைப்பதில் நேரும் அதே பிழை, 1000 மி.மீ. தொலைநோக்கியில் 200 மி.மீ. லென்ஸைவிட ஐந்து மடங்காகத் தெரியும். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பக் கனமான மவுன்ட்டும், பிழை திருத்தத் தனியாக ஒரு கைடு கேமராவும் வேண்டியிருக்கும்.

ஸ்மார்ட் தொலைநோக்கிக்கு இந்தப் பாடு இல்லை. சீஸ்டார் எஸ்50 போன்ற கருவி, கைபேசியில் தொட்டதும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைத் தானே தேடிப் பிடித்து, பத்து விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிக்கொண்டே போகும். நகர வெளிச்சத்திலும் நெபுலாவை வெளிக்கொணர அதற்குள்ளேயே ஃபில்டர் உண்டு. ஆனால் அதன் பார்வைப் பரப்பு குறுகியது. ஆண்ட்ரோமீடா ஒரே படச் சட்டத்தில் அடங்காது. சென்சாரை மாற்றவும் வழியில்லை. டிராக்கர்காரருடைய கேமராவோ நாளைக்குத் தொலைநோக்கியிலும் பொருந்தும்.

படங்களை அடுக்கிச் செம்மைப்படுத்தும் வேலையை இரண்டிலுமே கற்கலாம், சிரில் என்ற இலவச மென்பொருளே போதும். நான்கு மடங்கு படங்கள் சேர்ந்தால் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான மாசு) பாதியாகும் என்பதால் பொறுமைக்குக் கைமேல் பலன்.

ஆயுள் முழுக்கத் தொடர நினைப்பவருக்கு என் ஓட்டு டிராக்கருக்கே. இருண்ட வானமும் ஓய்வும் வாய்க்காதவர் ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்குவதில் குறையொன்றுமில்லை, அதை ஏளனம் செய்யும் பழைய கைகளைப் பொருட்படுத்த வேண்டாம். வியாழனும் சனியும்தான் இலக்கு என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். கோள்கள் பிரகாசமானவை, ஆனால் மிகச் சிறியவை. குட்டி வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான சட்டங்களில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி அடுக்க வேண்டும். அதற்குப் பெரிய கண்ணாடி கொண்ட எளிய டாப்சோனியன் தொலைநோக்கியே (தரையில் வைக்கும் எளிய சுழல் பீடத்தில் நிற்பது) முதல் நாளிலிருந்து ஏற்றது.