என்லார்ஜர் தலை இறங்காமல் நிற்க: சுருளா, திருகா, எடையா?

நெகட்டிவ் படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவிதான் என்லார்ஜர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து வாங்கி வந்தது ஒன்று என் பின்னறையில் இருக்கிறது. கம்பம் நேர், லென்ஸ் சுத்தம். விளக்கும் லென்ஸும் உள்ள தலைதான் கம்பத்தில் நிற்காது, கையை எடுத்தால் மெல்ல வழுக்கி இறங்கும். தாளில் ஒளி விழும் பதினைந்து விநாடிக்குள் இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் போதும், பாட்டியின் கண்ணிமை ரோமமெல்லாம் மங்கிவிடும்.

தலையைத் தாங்கும் சுருள் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் கம்பத்தைத் துடைத்துப் பாருங்கள். பல வருடம் ஓடாத கிரீஸ் மெழுகாய் இறுகியிருக்கும். மண்ணெண்ணெய்த் துணிக்கு வந்துவிடும். பிடிமானத் திருகு அழுத்தும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது.

எனக்கு அது போதவில்லை. தலையை உச்சிக்கு ஏற்றி, கம்பத்தோடு கயிற்றால் கட்டிவிட்டு, சுருள் இருக்கும் மேல் உருளையைத் திறந்தேன். சுருள் இழுபட்டிருக்கும்போது தலையைக் கழற்றினால், அதைத் தாங்கிக் கம்பத்தில் ஓடும் வண்டி மேலே பாய்ந்து விரலை நசுக்கிவிடும், கவனம். உள்ளே எஃகுப் பட்டை முழுக்கத் துருப்புள்ளி, ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல்.

அதே மாதிரிச் சுருளைப் போடுவதுதான் முறையான வேலை. எவ்வளவு இழுத்தாலும் ஒரே விசையில் இழுக்கும் பட்டைச் சுருள் வேண்டும். கடிகாரச் சுருள் மாதிரி சாதாரணமானதைப் போட்டால் தலை கீழே போகப் போக இழுப்பு கூடும். என் தலை தொங்குதராசில் ஐந்தரை கிலோ காட்டியது, அதாவது 54 நியூட்டன். இரண்டு சுருள் என்றால் ஆளுக்குப் பாதி. துருப்பிடிக்காத எஃகில் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அகலமோ விசையோ தப்பினால் மறுபடியும் காத்திருப்பு.

அடுத்த வழி, சுற்றினால் தலையை ஏற்றி இறக்கும் திருகுக் கம்பி. அது அசையாமல் பிடிக்கும், அதில் குறையே இல்லை. ஆனால் சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் ஏறும் திருகில் 60 சென்டிமீட்டர் ஏற்ற 300 சுற்று. படச் சட்டம் மாற்றி மாற்றி அளவு பார்க்கிறவனுக்கு அது சரிப்படாது.

நான் எடையைத்தான் தேர்ந்தெடுத்தேன்: தலையைக் கம்பியில் கட்டி, கப்பி வழியாக மறுமுனையில் அதே கனத்தில் ஓர் எதிர் எடையைத் தொங்கவிடுவது. மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அங்கிருந்த அண்ணன் கையிலேயே வாங்கவில்லை. "இது கப்பியில ஓடுனா நரம்பு நரம்பா பிரிஞ்சிடும் தம்பி. தூக்கு கம்பி வாங்கு. முடிச்சு போடாதே, கிளிப் போடு." ஹார்ட்வேர் கடையில் 3 மில்லிமீட்டர் கம்பிக் கயிறு, கிளிப், இரண்டு கப்பி, எல்லாம் ஒரே மேசையில் கிடைத்தன.

கப்பியைக் கம்பத்து உச்சியில் மாட்டாதீர்கள். தலையும் எதிர் எடையும் சேர்ந்து அங்கே 11 கிலோ தொங்கும்; பழைய கம்பம் நடுங்கும். நான் உத்திரத்தில் மாட்டினேன்: ஒன்று தலைக்கு நேர் மேலே, இன்னொன்று சுவரோரம். ஜிம் தட்டு இரண்டரை கிலோவில் இரண்டு, மிச்சத்துக்குத் தகர டப்பாவில் நட்டும் போல்ட்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துவிட்டுக் கனமான 80 போடும்போது இரண்டு போல்ட் கூட. சுருளிடம் இந்த வசதி கிடையாது.

ஒரு தொல்லை இருந்தது. தொங்கும் எடை ஊசலாட, அந்த ஆட்டம் படத்தில் தெரிந்தது. எடையைத் தண்ணீர்க் குழாய் பிவிசிக்குள் இறக்கி, டயர் டியூப் துண்டை எடையைச் சுற்றிக் கட்டினேன். இப்போது கையை எடுத்த இடத்தில் தலை நிற்கிறது.

அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர், குளியலறையை இருட்டறையாக்கி என்லார்ஜரை நகர்த்தி நகர்த்தி வைப்பவர் சுருளுக்கே காத்திருக்கட்டும். உத்திரமும் சுவரும் சொந்தமாக இருந்தால் எடைதான். கம்பி நைந்தால் கிளிப் பக்கத்தில் ஒரு நரம்பு துருத்திக்கொண்டு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். மாதம் ஒருமுறை துணியால் தடவிப் பாருங்கள்; நூல் மாட்டினால் அன்றைக்கே கம்பியை மாற்றிவிடுங்கள்.