போர்ச்சினியா, மோரலா? ஊறிய தண்ணீரைப் பாருங்கள்

உலர்ந்த காட்டுக் காளானில் இங்கே எடைபோடுவது இரண்டை: இத்தாலியச் சமையலின் போர்ச்சினி, காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் 'குச்சி' என்று விற்கும் மோரல். மென்று சாப்பிடத் துண்டு வேண்டுமா, மோரல் வாங்குங்கள். பாத்திரம் முழுக்கச் சுவை ஏற வேண்டுமென்றால் என் ஓட்டு போர்ச்சினிக்குத்தான். விலையைச் சொல்லவே வேண்டாம், மோரல் பல மடங்கு.

எல்லாம் ஊறிய தண்ணீரில் இருக்கிறது. 20 கிராம் போர்ச்சினியை 400 மில்லி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் வறுத்த கொட்டை வாசனையோடு பழுப்புச் சாறு இறங்கும். நான்கு பேருக்கான ரிசோட்டோவுக்கு (குழைய வேகவைக்கும் இத்தாலியச் சோறு, அரிசி 300 கிராம்) அது போதும். மீதித் திரவத்துக்குக் காய்கறி வேகவைத்த தண்ணீர். காளானைக் கையால் அள்ளி எடுத்துவிட்டுச் சாற்றைத் தெளியவிடுங்கள். அப்படியே சாய்த்துக் கொட்டினால் அடியில் படிந்த மண் கலங்கி, சோறு நறநறக்கும். நனைத்த மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி இரண்டு கரண்டியைக் கீழே ஊற்றிவிடலாம். சாற்றைத் தனியாக ரொம்பச் சுண்டக் காய்ச்ச வேண்டாம், கசப்பு ஏறலாம். பார்மசான் சீஸிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பாருங்கள்.

மோரலின் தேன்கூட்டுக் குழிகளும் உள்ளே இருக்கும் வெற்றிடமும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீளவாக்கில் பிளந்து இரண்டு முறை அலச வேண்டும், அதில் பாதி மணம் தண்ணீரோடு போய்விடும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு உணவகத்தில் மோரல் சாப்பிட்ட பலர் நோயுற்று, இருவர் இறந்தார்கள். ஆகவே மோரல் பொடியை இறக்கும்போது தூவுவது என்ற பேச்சே கூடாது. வெண்ணெயில் வதக்கி, கிரீமிலோ புலாவிலோ நன்றாக வேகவிட்டால் அதன் புகை மணத்துக்கு ஈடில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

வெறும் உமாமிதான் (நாவில் நிற்கும் இறைச்சிச் சாறு போன்ற சுவை) குறி என்றால் இரண்டையும் ஷிடாகே என்ற உலர்ந்த ஜப்பானியக் காளான் முந்திவிடும். அந்தச் சுவையைக் கூட்டும் குவானிலேட் என்ற பொருள் அதில்தான் அதிகம். ஆனால் கடையில் கிடைப்பது வளர்ப்புக் காளான். குளிர்பதனப் பெட்டியில் ஒரு இரவு ஊற வேண்டும். அதன் கந்தக வாடை வெண்ணெய், சீஸ் சமையலில் தனித்துத் துருத்தும்.

போர்ச்சினி வாங்கும்போது தண்டும் குடையும் தெரியும் வெளிர் நிறச் சீவல்களாகப் பார்த்து எடுங்கள். ஊசித் துளைகள் இருந்தால் புழு அரித்தது. கருத்த தூள் நிறைய இருந்தால் பழையது. நமுத்த சீவலை வெறும் சட்டியில் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டி, ஆறவிட்டு மிக்ஸியில் பொடித்தால் அரை லிட்டர் சூப்புக்கு ஒரு தேக்கரண்டி. எண்ணெயில் போட்டால் நொடியில் கருகும், இறக்கப் பத்து நிமிடம் இருக்கையில் சூப்பிலேயே கலக்குங்கள். செலவு உறுத்தினால் 250 கிராம் பட்டன் காளானைத் தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்கி, 10 கிராம் போர்ச்சினியையும் அது ஊறிய சாற்றையும் அதில் சேர்க்கலாம்.